வைஃபை அடாப்டர் எந்த நெட்வொர்க்கையும் காட்டவில்லையா? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கையில் இருக்கும் போனில் பக்கத்து வீட்டு வைஃபை உட்பட ஏழெட்டுப் பெயர்கள் தெரிகின்றன. அதே மேசையில் இருக்கும் லேப்டாப்பில் ஒன்றுகூட இல்லை. இப்படி ஆனதும் பலர் யூடியூபில் பார்த்த வழிகளையெல்லாம் வரிசையாக முயன்று பார்ப்பார்கள். எதுவும் சரிவராவிட்டால் விண்டோஸையே அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவார்கள். இரண்டும் வேண்டாம். கோளாறு எங்கே என்று தெரியாமல் செட்டிங்ஸை மாற்றிக்கொண்டே போனால், ஏற்கெனவே இருந்த கோளாறோடு நாமே உண்டாக்கியவையும் சேர்ந்துகொள்ளும். அப்புறம் எது எதனால் வந்தது என்று பிரித்துப் பார்க்கவே முடியாது.

கீழே சொல்லியிருப்பது விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். லேப்டாப்புக்குள்ளேயே இருக்கும் வைஃபை கார்டு, தனியாக வாங்கிச் செருகும் யூஎஸ்பி டாங்கிள் இரண்டுமே அடாப்டர்தான்; இரண்டையும் சேர்த்தே பார்க்கலாம்.

முதல் வேலை: எந்த வகைக் கோளாறு?

"நெட்வொர்க் காட்டவில்லை" என்று எல்லோரும் ஒரே மாதிரி சொன்னாலும், அதற்குள் மூன்று வேறு வேறு கோளாறுகள் இருக்கின்றன. டாஸ்க்பாரின் வலது ஓரத்தில் இருக்கும் நெட்வொர்க் ஐகானைச் சொடுக்கிப் பாருங்கள்.

அங்கே வைஃபை என்ற பட்டனே இல்லையென்றால், அப்படி ஒரு அடாப்டர் இருப்பதே விண்டோஸுக்குத் தெரியவில்லை. டிரைவரிலோ (அடாப்டரை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்) ஹார்டுவேரிலோ சிக்கல்.

பட்டன் இருக்கிறது, ஆனும் ஆகிறது, ஆனால் பட்டியல் காலி. இதில் அடாப்டர் இருப்பது விண்டோஸுக்குத் தெரிகிறது. தேடுகிற வேலைதான் நடக்கவில்லை, அல்லது சிக்னல் உள்ளே வரவில்லை.

மூன்றாவது வகைதான் ஆட்களை அதிகமாகக் குழப்பும். ஊரார் வைஃபை எல்லாம் தெரிகிறது, உங்களுடையது மட்டும் இல்லை. இதில் லேப்டாப்பிலும் பழுது இருக்காது, ரவுட்டரிலும் பழுது இருக்காது. இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான்.

வகையை உறுதிப்படுத்த ஒரு சின்ன சோதனை. போனில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, லேப்டாப்புக்குப் பக்கத்தில் வையுங்கள். ஹாட்ஸ்பாட் 2.4 கிகாஹெர்ட்ஸில் (வைஃபை ஓடும் அலைவரிசைப் பட்டைகளில் ஒன்று; பழைய அடாப்டர்களுக்கும் இது கேட்கும்) இருக்க வேண்டும் என்பது முக்கியம். ஆண்ட்ராய்டில் ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸுக்குள் பேண்ட் என்ற இடத்தில் இதை மாற்றலாம். ஐபோன் 12-உம் அதற்குப் பின் வந்தவையும் என்றால் 'மேக்சிமைஸ் கம்பாட்டிபிலிட்டி' என்பதை ஆன் செய்ய வேண்டும். போனின் பெயர் லேப்டாப் பட்டியலில் வந்துவிட்டால் அடாப்டர் வேலை செய்கிறது. நேராக மூன்றாவது வகைக்கான பகுதிக்குப் போங்கள். வரவில்லையென்றால் லேப்டாப் பக்கம்தான் பார்க்க வேண்டும்.

காசு, நேரம் எதுவும் ஆகாத இடங்கள்

ஏரோபிளேன் மோடு ஆஃப் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். கீபோர்டின் மேல் வரிசையில் விமானப் படமோ ஆன்டெனா படமோ போட்ட கீ இருக்கும். குழந்தைகள் கை பட்டாலே போதும், வைஃபை அணைந்துவிடும். சில லேப்டாப்களில் அதை நேரடியாக அழுத்த வேண்டும், சிலவற்றில் எஃப்என் கீயோடு சேர்த்து. பழைய லேப்டாப்களில் முன் விளிம்பிலோ பக்கவாட்டிலோ நகர்த்துகிற சின்ன சுவிட்ச் ஒன்று உண்டு. அது ஆஃப் பக்கம் இருந்தால், விண்டோஸுக்குள் என்ன செய்தாலும் வைஃபை வராது.

லேப்டாப்பில் லேன் கேபிள் செருகியிருக்கிறதா? அதைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். அலுவலகங்களுக்கென்று விற்கும் சில மாடல்களில், குறிப்பாக எச்பியில், கேபிள் இணைந்திருக்கும்போது வைஃபையைத் தானாக அணைத்துவிடும் வசதி பயாஸிலேயே (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்) இருக்கிறது. இது பழுது இல்லை, அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள்.

அடுத்தது ரீஸ்டார்ட். ஷட்டவுன் செய்து திரும்ப ஆன் செய்வதும் ரீஸ்டார்ட்டும் ஒன்று என்று நினைக்க வேண்டாம். விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி ஆனில் இருந்தால், ஷட்டவுன் செய்யும்போது டிரைவர்களின் நிலையை டிஸ்க்கில் சேமித்து வைத்துவிட்டு, அடுத்த முறை அதையே திரும்ப எடுத்துக்கொள்ளும். சிக்கிக்கொண்ட டிரைவர் சிக்கியபடியே திரும்பி வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

ரீஸ்டார்ட்டிலும் சரியாகவில்லையென்றால் மின்சாரத்தை முழுவதுமாக வடியவிட்டுப் பாருங்கள். லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை முப்பது விநாடி அழுத்திப் பிடித்திருந்து, பிறகு ஆன் செய்யுங்கள். மந்திரம் போலத் தோன்றினாலும் இதற்குக் காரணம் உண்டு. அணைத்த பிறகும் வைஃபை கார்டுக்குக் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். அதனால் குழம்பிப்போன கார்டு குழம்பிய நிலையிலேயே கிடக்கும். தூக்க நிலையிலிருந்து எழுப்பிய பிறகு வைஃபை காணாமல் போனவர்களில் பலருக்கு இது ஒன்றே போதும்.

பட்டியல் காலியாக இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். ஸ்டார்ட் மெனுவில் 'சர்வீசஸ்' என்று தேடித் திறந்து, 'டபிள்யூலான் ஆட்டோகான்ஃபிக்' என்ற வரியைக் கண்டுபிடியுங்கள். நெட்வொர்க்குகளைத் தேடிப் பட்டியல் போடுவதே இந்த சர்வீஸ்தான். 'ரன்னிங்' என்று இல்லையென்றால் இரண்டு முறை சொடுக்கி, ஸ்டார்ட்அப் டைப்பை 'ஆட்டோமேட்டிக்' ஆக்கி, ஸ்டார்ட் கொடுங்கள். கம்ப்யூட்டரை வேகமாக்குகிறோம் என்று சொல்லும் 'கிளீனர்' மென்பொருள்கள் தேவையில்லாத சர்வீஸ்களை நிறுத்தும் சாக்கில் இதையும் நிறுத்திவிடுவது உண்டு. என்னைக் கேட்டால் அந்த வகை மென்பொருளே வேண்டாம்.

வைஃபை பட்டனே இல்லாதவர்களுக்கு

ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து 'டிவைஸ் மேனேஜர்' திறந்து, 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' என்பதை விரியுங்கள். வயர்லெஸ் அல்லது வைஃபை என்ற சொல்லோடு ஒரு பெயர் இருக்க வேண்டும்.

பெயர் மேல் கீழ்நோக்கிய அம்புக்குறி இருந்தால் யாரோ டிசேபிள் செய்திருக்கிறார்கள். ரைட் கிளிக், எனேபிள், முடிந்தது. மஞ்சள் முக்கோணம் இருந்தால் இரண்டு முறை சொடுக்கி உள்ளே போனால் ஒரு கோடு எண் தெரியும். கோடு 28 என்றால் டிரைவர் போடவே இல்லை. கோடு 10 என்றால் அடாப்டரால் தொடங்க முடியவில்லை. பெரும்பாலும் பொருந்தாத டிரைவர். கோடு 43 என்றால் அடாப்டரே தனக்குக் கோளாறு என்று சொல்லிவிட்டதால் விண்டோஸ் அதை நிறுத்தி வைத்திருக்கிறது. மேலே சொன்ன மின்சாரம் வடியவிடும் வேலையை முதலில் இதற்குச் செய்து பாருங்கள். டாங்கிள் என்றால் வேறு போர்ட்டில் செருகுங்கள்.

நெட்வொர்க் அடாப்டர்ஸில் பெயரே இல்லை, ஆனால் 'அதர் டிவைசஸ்' என்று தனியாக ஒரு பகுதியும் அதில் 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' என்று ஒரு வரியும் இருக்கிறதா? நல்ல செய்திதான். கார்டு உயிரோடு இருக்கிறது, டிரைவர்தான் இல்லை. விண்டோஸைப் புதிதாகப் போட்ட லேப்டாப்களில் இது சகஜம்.

டிரைவர் வேண்டுமென்றால் இணையம் வேண்டும், இணையம் வேண்டுமென்றால் டிரைவர் வேண்டும் என்ற சிக்கல் இங்கே வரும். அதற்கு வழி, ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, போனின் ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸில் 'யூஎஸ்பி டெதரிங்' என்பதை ஆன் செய்வது. விண்டோஸ் அதை லேன் இணைப்பு மாதிரி எடுத்துக்கொள்ளும்; தனி டிரைவர் எதுவும் கேட்காது. சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவு கேபிளாக இருந்தால் இது நடக்காது, டேட்டா கேபிளாகப் பார்த்து எடுங்கள். ஐபோனுக்கு முதலில் ஆப்பிளின் மென்பொருள் லேப்டாப்பில் இருக்க வேண்டும் என்பதால், இந்த வேலைக்கு யாரிடமாவது ஆண்ட்ராய்டு போன் வாங்கிக்கொள்வதே சுலபம்.

டிரைவரை எங்கே எடுப்பது? லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் சப்போர்ட் பக்கத்தில் மட்டும். டெல் என்றால் அடியில் ஒட்டியிருக்கும் சர்வீஸ் டேக், எச்பி, லெனோவோ என்றால் சீரியல் நம்பர். அதைக் கொடுத்தால் உங்கள் மாடலுக்கான டிரைவர்கள் வரும். ஒரே மாடலை இன்டெல் கார்டோடும் ரியல்டெக் கார்டோடும் விற்றிருப்பார்கள். பக்கத்தில் இரண்டும் இருக்கும். எது உங்களுடையது என்று தெரிந்துகொள்ள, டிவைஸ் மேனேஜரில் அந்த வரியின் பிராப்பர்ட்டீஸுக்குள் 'டீடெயில்ஸ்' போய் 'ஹார்டுவேர் ஐடிஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'வென்' என்ற எழுத்துகளுக்குப் பிறகு 8086 என்று இருந்தால் இன்டெல். வேறு எதுவாக இருந்தாலும் அந்த வரியை அப்படியே காப்பி செய்து இணையத்தில் தேடினால் தயாரிப்பாளர் பெயர் தெரிந்துவிடும். 'எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில்' போட்டுத் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் தளங்கள் பக்கமே போக வேண்டாம்.

நேற்றுவரை வேலை செய்து, விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு நின்றுவிட்டது என்றால் கதை வேறு. பிராப்பர்ட்டீஸில் 'டிரைவர்' பக்கத்தில் 'ரோல் பேக் டிரைவர்' இருக்கும். அதைச் சொடுக்க முடிந்தால் பழைய டிரைவருக்குத் திரும்பிவிடலாம். மங்கலாக இருந்தால், அன்இன்ஸ்டால் கொடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் தன்னிடம் இருப்பதைத் திரும்பப் போட்டுக்கொள்ளும். அன்இன்ஸ்டால் செய்யும்போது டிரைவர் ஃபைலையும் நீக்கவா என்று கேட்கும் கட்டத்தை, வேறு டிரைவர் கையில் இல்லாதவரை டிக் செய்யாதீர்கள்.

யூஎஸ்பி டாங்கிள் வாங்கியவர்களுக்குத் தனியாக ஒன்று. ரியல்டெக் சிப் உள்ள சில மலிவு டாங்கிள்கள், செருகியதும் தங்களை சிடி டிரைவ் என்று அறிமுகப்படுத்திக்கொள்ளும். திஸ் பிசியில் புதிதாக ஒரு டிரைவ் முளைத்திருக்கும். வைஃபை மட்டும் வராது. ஏமாற்றிவிட்டார்கள் என்று திருப்பி அனுப்பிவிட வேண்டாம். அந்த டிரைவுக்குள்ளேயே செட்டப் ஃபைல் இருக்கும். அதை ஓட்டி முடித்ததும் டாங்கிள் சிடி வேஷத்தைக் கலைத்துவிட்டு அடாப்டராக மாறிவிடும்.

டெஸ்க்டாப்பில் கார்டு வாங்கிப் பொருத்துபவர்கள் மாடல் எண்ணைக் கவனியுங்கள். இன்டெலின் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 இரண்டும் மதர்போர்டில் இருக்கும் சாதாரண எம்.2 வைஃபை ஸ்லாட்டில் வேலை செய்யும். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 அப்படி அல்ல. வைஃபை வேலையின் ஒரு பகுதியை இன்டெல் தன் பிராசஸர் அல்லது போர்டின் சிப்செட்டுக்குள்ளேயே வைத்திருப்பதால், அதற்கு ஏற்ற இன்டெல் போர்டு இல்லாமல் அவை ஓடாது. ஏஎம்டி போர்டில் செருகினால் டிவைஸ் மேனேஜரில் எட்டிக்கூடப் பார்க்காது. விலை கொஞ்சம் குறைவாக இருக்கிறதே என்று வாங்கி மாட்டிக்கொள்பவர்கள் உண்டு.

விர்ச்சுவல் பாக்ஸில் (விண்டோஸுக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டரைப் போல ஓட்டும் மென்பொருள்) லினக்ஸ் போட்டுவிட்டு, அதற்குள் வைஃபை காட்டவில்லை என்று தேடிக்கொண்டிருப்பவர்கள் தேடலை நிறுத்திவிடலாம். விர்ச்சுவல் மெஷினுக்குள் உங்கள் வைஃபை, லேன் இணைப்பாகத்தான் தெரியும். உள்ளே வைஃபை பட்டியலே வேண்டுமென்றால் தனி யூஎஸ்பி டாங்கிளை அதற்கென்று ஒப்படைக்க வேண்டும்.

பட்டியல் காலியாக இருந்தால்

டிவைஸ் மேனேஜரில் எல்லாம் ஒழுங்காகத் தெரிகிறது, சர்வீஸும் ஓடுகிறது, ஆனாலும் பெயர்கள் இல்லை. ரவுட்டருக்கு ஒட்டினாற்போல லேப்டாப்பைக் கொண்டுபோய் வையுங்கள். அங்கே மட்டும் பெயர் தெரிந்து, நாலடி தள்ளினால் மறைந்துவிட்டால் சந்தேகமே வேண்டாம், ஆன்டெனா. லேப்டாப்பில் ஆன்டெனா திரையைச் சுற்றி ஓடும். அங்கிருந்து இரண்டு மெல்லிய வயர்கள், வழக்கமாக ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை, வைஃபை கார்டின் மேல் அரிசி அளவு பித்தளை முனைகளில் அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கும். சமீபத்தில் ரேம், எஸ்எஸ்டி, பேட்டரி, கீல் ஏதாவது மாற்றினீர்களா? அப்போது கழற்றிய வயரைத் திரும்ப மாட்டாமல் மூடியிருக்க வாய்ப்பு அதிகம். மாற்றிக் கொடுத்த கடையிலேயே சொல்லித் திறந்து பார்க்கச் சொல்லுங்கள், இரண்டு நிமிட வேலை. நீங்களே செய்வதானால் பேட்டரி இணைப்பைக் கழற்றிய பிறகே கை வையுங்கள். முனையை நேராக மேலே வைத்து விரலால் அழுத்தினால் 'டிக்' என்று உட்காரும். சாய்த்து அழுத்தினால் முனை நசுங்கிவிடும். டெஸ்க்டாப் என்றால் பின்பக்கம் திருகும் ஆன்டெனாக்கள் பெட்டியிலேயே கிடக்கின்றனவா என்று பாருங்கள். அவை அழகுக்கு இல்லை.

டாங்கிள்காரர்கள் போர்ட்டைப் பாருங்கள். யூஎஸ்பி 3.0 வேகத்தில் டேட்டா ஓடும்போது கிளம்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையிலும் விழுகிறது. இதை இன்டெலே 2012-இல் ஓர் ஆய்வறிக்கையாக வெளியிட்டிருக்கிறது. டாங்கிளுக்குப் பக்கத்துப் போர்ட்டில் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் ஓடிக்கொண்டிருந்தால் தூரத்து ரவுட்டர்கள் பட்டியலிலிருந்து காணாமல் போகும். டாங்கிளைக் கறுப்பு நிற யூஎஸ்பி 2.0 போர்ட்டுக்கு மாற்றுங்கள், அல்லது சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு இயந்திரத்திலிருந்து தள்ளி வையுங்கள். டெஸ்க்டாப்பின் பின்னால், இரும்புப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே செருகியிருக்கும் டாங்கிளுக்கு இந்தக் கேபிள் ஒன்றே பெரிய மருந்து.

சிறிது நேரம் ஓடிவிட்டு மறைந்துபோகிறது என்றால், அடாப்டர் பிராப்பர்ட்டீஸில் 'பவர் மேனேஜ்மென்ட்' பக்கத்தில் மின்சாரம் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைத்துக்கொள்ளலாம் என்பதற்கான டிக்கை எடுத்துவிடுங்கள்.

உங்கள் வைஃபை மட்டும் தெரியாவிட்டால்

இனிமேல் வேலை ரவுட்டர் பக்கம். போனை வைஃபையில் இணைத்துக்கொண்டு, பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 அடித்தால் ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கம் வரும். பாஸ்வேர்டு ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும்.

முதல் சந்தேகம் பட்டையின் மேல். ரவுட்டர்கள் 2.4, 5 என இரண்டு பட்டைகளில் பேசும். விலை குறைந்த டாங்கிள்களும் பழைய லேப்டாப் கார்டுகளும் 2.4 மட்டுமே கேட்கும். ரவுட்டரில் 2.4 அணைக்கப்பட்டிருந்தால் அவற்றைப் பொறுத்தவரை உங்கள் வைஃபை இல்லவே இல்லை. பெட்டியில் 'என் 150', 'என் 300' என்று போட்டிருந்தால் 2.4 மட்டும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 'ஏசி 600' போன்றவை இரண்டையும் கேட்கும். 6 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஓடும் புதிய ரவுட்டர் என்றால், அந்தப் பட்டை தெரிய அதற்கான அடாப்டரும் வேண்டும், விண்டோஸ் 11-உம் வேண்டும்.

இரண்டாவது சேனல், அதாவது ஒரு பட்டைக்குள் இருக்கும் எண்ணிட்ட பிரிவு. 2.4 பட்டையில் இந்தியாவில் 1 முதல் 13 வரை சேனல்கள் உண்டு. அமெரிக்காவில் வழக்கத்தில் இருப்பது 11 வரைதான். அங்கிருந்து உறவினர் வாங்கி வந்த லேப்டாப் 12, 13 ஆகியவற்றைத் தேடாமலே விட்டுவிடலாம். ரவுட்டர் 'ஆட்டோ'வில் இருந்து, ஒரு நாள் 6-லும் மறுநாள் 13-லும் போய் உட்கார்ந்தால், ஒரு நாள் தெரியும், மறுநாள் தெரியாது. காத்து கருப்பு வேலை என்று தோன்றும். ஆட்டோவை எடுத்துவிட்டு 1, 6, 11 மூன்றில் ஒன்றை நிலையாக வையுங்கள். 5 பட்டையிலும் இதே கதைதான்: 52 முதல் 144 வரையிலான சேனல்கள் பல நாடுகளில் ரேடாரோடு பகிர்ந்துகொள்ளப்படுபவை. அவற்றில் ஓடும் ரவுட்டர், ஆன் ஆனதும் ஒரு நிமிடமாவது ரேடார் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் தன் பெயரை ஒலிபரப்பும்; சில அடாப்டர்கள் அந்தச் சேனல்களைத் தொடவே தொடாது. 36-க்கு மாற்றினால் தீரும்.

மூன்றாவது, புது ரவுட்டரும் பழைய டிரைவரும். வைஃபை 6 ரவுட்டர் வீட்டுக்கு வந்த அன்றிலிருந்து பழைய லேப்டாப்பில் மட்டும் பெயர் காணவில்லை என்றால் காரணம் இதுவாகத்தான் இருக்கும். இன்டெலின் 7260, 7265, 8260 போன்ற கார்டுகள் பழைய டிரைவரோடு இருந்தால், வைஃபை 6 ரவுட்டர் அனுப்பும் அறிவிப்பைப் புரிந்துகொள்ளாமல் பட்டியலிலிருந்தே விட்டுவிடும். கார்டை மாற்ற வேண்டியதில்லை. டிரைவரைப் புதுப்பித்தால் போதும். அதுவரை அவசரத்துக்கு ரவுட்டரில் 'ஏஎக்ஸ்' மோடை (வைஃபை 6-இன் இன்னொரு பெயர்) அணைத்து வைக்கலாம்.

ரவுட்டரில் பெயரை மறைக்கும் வசதி ஆனில் இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். அப்படி மறைத்து வைப்பதால் பாதுகாப்பு பெரிதாகக் கூடிவிடுவதில்லை, வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தொல்லை.

கடைசியில் மிச்சம் இருப்பவை

செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குள் 'நெட்வொர்க் ரீசெட்' இருக்கிறது. சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள், விபிஎன் அமைப்புகள் எல்லாம் போய்விடும் என்பதால் இதைக் கடைசிக்குத் தள்ளி வைத்தேன். பழைய விபிஎன் அல்லது ஆன்டிவைரஸ் மென்பொருள் விட்டுப்போன மிச்சங்கள் நடுவில் நின்று மறிக்கும்போது இது நன்றாக வேலை செய்யும்.

அதற்கும் அசையவில்லையென்றால், பழுது விண்டோஸிலா ஹார்டுவேரிலா என்று தீர்மானிக்க ஒரு பென்டிரைவ் போதும். அதில் உபுண்டுவை (இலவச லினக்ஸ் ஒன்று) ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல், 'ட்ரை உபுண்டு' என்பதில் திறந்து பாருங்கள். அங்கே நெட்வொர்க்குகள் தெரிந்தால் கார்டு நலமாக இருக்கிறது; விண்டோஸைப் புதிதாகப் போடுவதற்கு இப்போதுதான் அர்த்தம் இருக்கிறது. அங்கேயும் தெரியவில்லை, கார்டும் பிராட்காம் நிறுவனத்துடையது இல்லை என்றால், கார்டு போய்விட்டது என்று கொள்ளலாம். பிராட்காமை மட்டும் விலக்கிச் சொல்வது, அதன் சில கார்டுகளுக்கு உபுண்டுவில் டிரைவரைத் தனியாகப் போட வேண்டியிருக்கும் என்பதால்.

கார்டு போயிருந்தால் லேப்டாப்பையே மாற்ற வேண்டியதில்லை. பெரும்பாலான லேப்டாப்களில் அது கழற்றி மாட்டும் சின்னத் துண்டுதான். சில மெல்லிய மாடல்களில் மட்டும் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். திறக்கத் தயக்கமாக இருந்தால் இரண்டு பட்டையும் கேட்கும் டாங்கிள் ஒன்று வாங்குங்கள். நகம் அளவு குட்டி டாங்கிளைவிட வெளியே ஆன்டெனா நீட்டிக்கொண்டிருப்பது, அழகில்லாவிட்டாலும், அறை தாண்டிச் சிக்னல் எடுக்கும். பில்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, திருப்பித் தருவதற்கான நாட்கள் முடிவதற்குள் வீட்டின் எல்லா அறைகளிலும் ஒருமுறை செருகிப் பார்த்துவிடுங்கள்.